இது என்ன மரம்?

ஏற்காட்டுக்குச் செல்வோரில் பலர் ஏரியைச் சுற்றிவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். கொட்டச்சேட்டுத் தேக்கங்காடு வரையில் போய் வருவோர் சிலரே. வழியெங்கும் காப்பித் தோட்டங்கள். செடிகளுக்கு நிழல் தர நெடிதுயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். நிற்கும் மரத்துக்கு இலையும் பட்டையும் பூவும் சாட்சி சொல்லும். அதுவே பலகையாகி வாசலில் வந்து இறங்கிவிட்டால், மிஞ்சும் சாட்சி வியாபாரியின் வாய்ச்சொல் ஒன்றுதான்!

"பழைய பங்களாவை இடித்த மரம், ஸார்! அசல் ஈட்டி!" என்பார். சாயமேற்றிய வாகையும் அந்த வெளிச்சத்தில் ஈட்டியாகவே தோன்றும். பெண்ணின் கலியாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு இது அற்ப விஷயமா?

பெயரை நம்பிப் பயனில்லை. சில்வர் ஓக் என்பது ஓக் இனமே அன்று; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய வேறொரு மரம். வெண்தேக்குக்கும் தேக்குக்கும் பெயரளவில்தான் உறவு. அது பூமருதின் பங்காளி. நிறமோ வெயிலிலும் வயதிலும் மாறக்கூடியது.

மாறாதது பலகையின் முனைதான். அதாவது, குறுக்கே வெட்டிய முகம். ரம்பம் அறுத்தபடியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரம்பப் பற்கள் துளைகளை நசுக்கி மூடிவிடும். நன்றாகத் தீட்டிய உளியால் மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, அந்த இடத்தை நீரால் நனைத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியால் நோக்க வேண்டும். தேக்கானால் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை பிடித்து நிற்கும்; வெறுங்கண்ணுக்கே புலப்படும். தொட்டால் எண்ணெய்ப் பசை. முகர்ந்தால் பழந்தோலின் வாசனை. ஈட்டியில் துளைகள் அப்படி அணிவகுப்பதில்லை, பரவலாகச் சிதறியிருக்கும். ஊதா கலந்த கரும்பட்டைகள் ஓடும். புதிதாகச் சீவினால் இனிய மணம் எழும். சில்வர் ஓக்கில் நடுவிலிருந்து விரியும் ஆரக்கோடுகள் தடித்தவை. வேங்கைக்கு வேறொரு சோதனை: அதன் வைரச் சீவல்களை நீரில் ஊறப் போட்டால் நீர் பழுப்பேறி, வெளிச்சத்தில் நீலச் சாயல் காட்டும்.

கனத்தையும் கவனிக்கலாம். உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. ஈட்டி 24 கிலோவை எட்டும். ஆனால் ஈரமரம் எதுவாயினும் கனக்கும். ஆகையால் தராசை மட்டும் நம்பிவிடலாகாது.

இந்த வித்தையின் வல்லமை சாமான்யமானதன்று. 1946-ல் ஹரப்பாவில் அகழ்ந்தெடுத்த சவப்பெட்டி ஒன்றில் எஞ்சியிருந்தவை மக்கிய மரத்துணுக்குகளே. அவற்றைக் கொண்டே, பெட்டி ஈட்டி இனம், மூடி தேவதாரு என்று சொன்னார்கள். நாலாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த துணுக்கே தன் பெயரைச் சொல்லுமானால், நம் வீட்டுப் பலகை சொல்லாதா?

ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வாணிபக் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஈட்டியென்று சொல்லி விற்பவரிடம் மரம் வந்த வழிக்கான ரசீதையும் கேட்டு வாங்குவது நலம். உளியும் கண்ணாடியும் பார்த்த பின்னும் ஐயம் தீராதவர்களுக்கு, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திலும் பெங்களூரு மர விஞ்ஞான நிலையத்திலும் கட்டணம் பெற்றுக்கொண்டு மரத்தை இனங்கண்டு சொல்கிறார்கள். தீப்பெட்டி அளவுத் துண்டு போதும். வெளிப்புற வெளுப்பில் எடுக்காமல் வைரத்தில் எடுத்து அனுப்ப வேண்டும்.