மத்தியஸ்தருக்குத் தீர்ப்பிடும் முன்...



றக்பிப் போட்டியொன்று எண்பது நிமிடங்களில் முடிவடைந்துவிடும். அப்போட்டியின் தீர்ப்புகள் பற்றிய வழக்கோ ஆண்டுகள் பல சென்றாலும் சிலவேளைகளில் முடிவடைவதில்லை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி இரவு, பரிஸ் நகரை அண்டிய ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டி அத்தகைய ஒன்றாகும். தென்னாபிரிக்கா 12 புள்ளிகளையும் நியூசிலாந்து 11 புள்ளிகளையும் பெற்றன. ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் தென்னாபிரிக்கா தனது நான்காவது உலகக் கிண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டது. நியூசிலாந்தைத் தோற்கடித்தது எதிரணியா, மத்தியஸ்தரா என்று அன்றிரவு தொடங்கிய கேள்வி இன்றும் ஓயவில்லை.

எங்கோ நடந்த விளையாட்டு நமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையே 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயப் போட்டியை அறியாதவர் நம்மிடையே குறைவு. கத்தோலிக்கக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளும் இவ்விளையாட்டை விரும்பி ஆடுகின்றனர். மைதானத்தின் ஓரத்தில் நின்று நாமும் மத்தியஸ்தரை நோக்கிக் குரல் எழுப்பியிருக்கின்றோம். ஆகவே பரிஸில் எழுந்த வழக்கு நமது வழக்குமாகும்.

அன்றைய போட்டிக்கு மத்தியஸ்தம் வகித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வெய்ன் பார்ன்ஸ். தொலைக்காட்சி மத்தியஸ்தராக அமர்ந்திருந்தவர் அதே நாட்டவரான டொம் ஃபோலி. வாதத்துக்குள்ளான தீர்ப்புகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்து நோக்குவோம்.

முதலாவது, அட்டைகள் பற்றியது. முற்பாதியில் நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன், எதிரணியின் ஜெசி கிரியெலைத் தடுத்து வீழ்த்த முயன்றபோது அவரது தோள் கிரியெலின் தலைப்பகுதியில் மோதியது. முதலில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. பின்னர் ஒளிப்பதிவை மீள்பரிசீலனை செய்த அதிகாரி அதைச் சிவப்பு அட்டையாக உயர்த்தினார். ஆடவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டியொன்றில் சிவப்பு அட்டை காட்டப்பட்டது அதுவே முதற்தடவை. எஞ்சிய நேரம் முழுவதும் நியூசிலாந்து ஒரு வீரரை இழந்த நிலையிலேயே ஆடியது. பிற்பாதியின் ஆரம்பத்தில் தென்னாபிரிக்க அணித்தலைவர் சியா கொலிசியின் தலை, நியூசிலாந்தின் ஆர்டி சவேயாவின் தலையுடன் மோதியது. அவருக்கும் மஞ்சள் அட்டையே காட்டப்பட்டது. ஆயினும் மீள்பரிசீலனையின் பின்னரும் அது மஞ்சளாகவே இருந்தது. பத்து நிமிடங்களின் பின் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு மஞ்சள். இது என்ன நீதி என்று நியூசிலாந்து ரசிகர்கள் கேட்டனர்.

கேள்வி நியாயமானது. ஆனால் விதி கேட்பது தலையில் பட்டதா என்பதை மட்டுமல்ல. மோதலின் வேகம் எவ்வளவு, ஆபத்து எத்தகையது, குற்றத்தின் கனதியைக் குறைக்கும் சூழ்நிலை ஏதும் இருந்ததா என்பனவும் படிப்படியாக ஆராயப்பட வேண்டும். இரண்டு சம்பவங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இந்தக் கேள்விகளுக்கான விடைகள் வேறுபடலாம். இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 2003இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த அணியில் ஆடிய ஸ்டீவ் தொம்சன், அந்த வெற்றி தம் நினைவிலேயே இல்லை என்று 2020இல் வெளிப்படையாகக் கூறினார். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மறதிநோய் தொடங்கியிருந்தது. விளையாட்டு வீரனின் மூளையைக் காக்கவே அந்தச் சிவப்பு அட்டை. அதை நாம் நினைவிற்கொண்டு வாதிட்டால் வாதத்தின் தொனியே மாறிவிடும்.

இரண்டாவது தீர்ப்பு இன்னும் சிக்கலானது. பிற்பாதியில் நியூசிலாந்தின் ஏரன் ஸ்மித் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தார். ட்ரை என்று அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னர், லைன் அவுட்டில் பந்துக்காகத் தாவிய சவேயாவின் கையிற்பட்டுப் பந்து முன்னோக்கிச் சென்றிருந்ததைத் தொலைக்காட்சி மத்தியஸ்தர் சுட்டிக்காட்டினார். ட்ரை இரத்துச் செய்யப்பட்டது. பந்து முன்னோக்கிச் சென்றது உண்மை. ஒளிப்பதிவு அதைக் காட்டியது. ஆயினும் இத்தகைய தவறுகளைத் தேடி, ட்ரைக்கு முந்திய இரண்டு ஆட்டக் கட்டங்கள் வரையே பின்னோக்கிச் செல்லலாம் என்பது அன்றிருந்த நடைமுறை. லைன் அவுட்டோ அந்த எல்லைக்கு அப்பால் நிகழ்ந்திருந்தது.

இதை ஆழ்ந்து நோக்குங்கள். ட்ரை வழங்கப்பட்டிருந்தால், கண்ணெதிரே தெரிந்த தவறொன்று மன்னிக்கப்பட்டது என்று தென்னாபிரிக்கா முறையிட்டிருக்கும். வழங்கப்படாததால், எழுதப்பட்ட நடைமுறை மீறப்பட்டது என்று நியூசிலாந்து முறையிட்டது. ஒரு பக்கத்தில் உண்மை. மறு பக்கத்தில் முறைமை. எது நடந்தது என்பதில் சரியாகவும், அதைக் கண்டறிந்த வழியில் பிழையாகவும் ஒரு தீர்ப்பு இருக்கமுடியும். நேர்மையுள்ள இருவர் இதில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று வாதிடலாம். இருவருள் எவரும் கயவராக வேண்டியதில்லை.

பார்ன்ஸ் என்ற பெயர் நியூசிலாந்துக்குப் புதியதன்று. 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி கார்டிஃப் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்ஸ் 20க்கு 18 என நியூசிலாந்தை வென்றது. பிரான்ஸின் தீர்க்கமான ட்ரைக்கு வழிவகுத்த பந்துப் பரிமாற்றம் முன்னோக்கிச் சென்றிருந்தது. அன்று மத்தியஸ்தராக இருந்த பார்ன்ஸ் அதைக் காணவில்லை. அவருக்கு அப்போது 28 வயது. கொலை அச்சுறுத்தல்கள் அவரைத் தேடி வந்தன. அக்காலத்தில் இத்தகைய பரிமாற்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சரிசெய்ய விதிகளில் இடமிருக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி மத்தியஸ்தரின் அதிகாரங்கள் விரிவாக்கப்பட்டன. 2007இல் இயந்திரத்தின் கண் பார்க்கவில்லை என்று மனம் புழுங்கிய அதே நாடு, 2023இல் அக்கண் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டது என்று மனம் புழுங்கியது.

தென்னாபிரிக்காவின் கதையையும் கேளுங்கள். 2022 நவம்பரில் மார்செய் நகரில் பிரான்ஸுடன் நடைபெற்ற போட்டியில் தென்னாபிரிக்கா தோல்வியுற்றது. அப்போட்டிக்கும் பார்ன்ஸே மத்தியஸ்தர். தீர்ப்புகளைக் குத்திக்காட்டிச் சமூக வலைத்தளத்தில் ஒளிப்பதிவுகளை வெளியிட்ட தென்னாபிரிக்கப் பணிப்பாளர் ரசி எரஸ்மஸுக்கு இரண்டு போட்டித் தடை விதிக்கப்பட்டது. ஓராண்டு நிறைவுறுமுன் அதே மத்தியஸ்தரின் தீர்ப்புகளின்கீழ் அதே நாடு உலகக் கிண்ணத்தை ஏந்தியது. ஒரு மனிதர் 2007இல் நியூசிலாந்தின் பகைவர், 2022இல் தென்னாபிரிக்காவின் பகைவர், 2023இல் மீண்டும் நியூசிலாந்தின் பகைவர்! மாறியவர் அவரா? அவரைப் பார்த்த கண்களா?

தவறே நிகழவில்லை என்று நாம் கூறவரவில்லை. 2015 ஒக்டோபரில் ட்விக்கன்ஹாம் அரங்கில் அவுஸ்திரேலியா 35க்கு 34 என ஸ்கொட்லாந்தை வென்றபோது, இறுதி நிமிடங்களில் கிரேக் ஜூபேர் வழங்கிய பெனல்டியே முடிவை நிர்ணயித்தது. அத்தீர்ப்பு பிழையென உலக றக்பிச் சங்கம் மறுநாளே பகிரங்கமாக அறிவித்தது. தவறைத் தவறென்று கூறுவது பாவமன்று. தீர்ப்புகளை ஆராய்வதாலேயே விதிகள் திருந்துகின்றன, வீரர்கள் காக்கப்படுகின்றனர். ஆகவே விவாதியுங்கள். ஆனால் எதை விவாதிக்கின்றோம் என்பதில் விழிப்பாயிருங்கள்.

பரிஸ் இறுதிப் போட்டியில் தவறியவர்கள் வேறு சிலரும் உண்டு. ஏரன் ஸ்மித்தின் ட்ரை இரத்தாகிச் சில நிமிடங்களில் போடன் பரட் நியூசிலாந்துக்காக ஒரு ட்ரை வைத்தார். அதற்கான மேலதிக உதையை ரிச்சி மொவுங்கா தவறவிட்டார். அது சென்றிருந்தால் நியூசிலாந்து முன்னிலை பெற்றிருக்கும். ஆட்டம் முடிய ஏழு நிமிடங்களே இருக்கையில் ஜோடி பரட் நெடுந்தூரத்திலிருந்து உதைத்த பெனல்டியும் இலக்குத் தவறியது. அதுவும் முன்னிலையை ஈட்டித் தந்திருக்கும். இந்த இருவரையும் அவர்களது நாட்டவர் என்ன செய்தனர்? கடினமான உதைதானே, அழுத்தம் அதிகமல்லவா என்று தேற்றினர். அது நல்ல மனம். ஆனால் அதே இரவில், அதே அழுத்தத்தில், கண நேரத்தில் முடிவெடுத்த மத்தியஸ்தர்களுக்கு அந்த மனம் ஏன் கிடைக்கவில்லை? நம்மவனின் பிழைக்குக் காரணம் தேடுகின்றோம். மத்தியஸ்தரின் பிழைக்கு உள்நோக்கம் தேடுகின்றோம். அநீதி எழுந்த இடம் இதுவேயாகும்.

அதன் விலை சிறிதன்று. இறுதிப் போட்டி முடிந்து சில நாட்களில் பார்ன்ஸ் ஓய்வை அறிவித்தார். 111 சர்வதேசப் போட்டிகளுக்கு மத்தியஸ்தம் வகித்து உலக சாதனை படைத்தவர் அவர். மத்தியஸ்தர்களின் குடும்பங்களும் அச்சுறுத்தப்படுவதை அவர் பகிரங்கமாகவே கண்டித்திருந்தார். சில வாரங்களில் டொம் ஃபோலி, தமக்கு நேர்ந்த அழுத்தத்தையும் வசைமொழிகளையும் காரணங்காட்டிச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். நாம் ஒருவரையொருவர் நிழற்படத்தில் மட்டுமே கண்டிருக்கின்றோம் என்பதற்காக, மறுமுனையில் ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருக்கின்றனர் என்பதை மறந்துவிடலாமா?

எட்டாவது கட்டளையை நாம் பொய்ச்சாட்சியோடு மட்டும் தொடர்புபடுத்தி நினைப்பதுண்டு. திருச்சபையின் மறைக்கல்வியோ, போதிய ஆதாரமின்றிப் பிறர்மீது ஒழுக்கக் குற்றம் சுமத்தும் அவசரத் தீர்ப்பும் அக்கட்டளைக்கு எதிரானதே என்று போதிக்கின்றது. அயலவரின் கூற்றைக் கண்டிப்பதற்கு முந்துவதைவிட, அதற்கு நற்பொருள் காண முந்தவேண்டும் என்று புனித இலொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் வழிகாட்டுகின்றார். நற்பொருள் காண இயலாவிடின் விளக்கம் கேட்க வேண்டும். பிழையாயின் அன்போடு திருத்த வேண்டும் என்பதும் அவர் காட்டும் வழியே. பிழையை மூடிமறைக்க அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அத்தீர்ப்பு பிழை’ என்பது விவாதம். ‘அவர் விலைபோனவர்’ என்பது, ஆதாரம் இல்லாதவரை, அவதூறு. இரண்டிற்கும் இடையேயுள்ள கோடு மைதானத்தின் எல்லைக்கோட்டைப் போன்றே தெளிவானது. அதைக் கடந்துவிட்டோமா என்று பார்க்க எவரும் நமக்கு ஒளிப்பதிவு காட்டப்போவதில்லை. நம் மனச்சான்றே அங்கு மத்தியஸ்தர்.

அடுத்தமுறை ஒரு தீர்ப்பு உங்களைக் கொதிப்படையச் செய்யும்போது மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப்பாருங்கள். முதலாவது, இரு அணிகளின் சீருடைகளையும் மனத்தளவில் மாற்றி அணிவித்தால் இதே வாதத்தை நான் முன்வைப்பேனா? இரண்டாவது, அந்த விதி என்ன சொல்கின்றது, அது எதைக் காக்க எழுதப்பட்டது என்பதை நான் அறிந்திருக்கின்றேனா? மூன்றாவது, வீட்டில் அமர்ந்து பத்துத் தடவைகள் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்த பின்னரும் எனக்குச் சந்தேகம் இருக்குமாயின், ஓடிக்கொண்டே ஒரு தடவை மட்டும் பார்த்தவர்மீது நான் இத்தனை கடுமை காட்டலாமா?

பெற்றோரே! நம் இல்லங்களிலும் அன்றாடம் மத்தியஸ்தம் வகிக்கின்றோம். அண்ணனும் தங்கையும் சண்டையிடும்போது, முழுவதையும் காணாமலே அவசரமாகத் தீர்ப்பளித்து, மாலையில் உண்மை தெரிந்து மனம் வருந்தாத தாய் தந்தை உண்டா? அவ்வேளையில் நம் பிள்ளைகள் நம்மை மன்னிப்பதாலேயே குடும்பம் குடும்பமாக நிலைக்கின்றது. மைதானத்தின் ஓரத்தில் நின்று மத்தியஸ்தரை நாம் ஏசும் சொற்களை, அருகில் நிற்கும் பிள்ளை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. தோல்வியை எவ்வாறு தாங்குவது, அதிகாரத்திலிருப்பவரோடு எவ்வாறு முரண்படுவது, தவறியவரை எவ்வாறு நடத்துவது என்பவற்றை அது அங்கேதான் கற்றுக்கொள்கின்றது.

சாம் கேன் தம் நாட்டு அணித்தலைவராக, இறுதிப் போட்டியின் பெரும்பகுதியை மைதானத்துக்கு வெளியே அமர்ந்திருந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. ஊடகவியலாளர் முன் அமர்ந்து, அந்தச் சுமையைத் தாம் வாழ்நாள் முழுவதும் தாங்கவேண்டியிருக்கும் என்ற கருத்தில் பேசினார். அதிகம் இழந்தவரே அத்தனை கண்ணியத்தோடு பேச முடிந்ததாயின், தொலைவில் அமர்ந்து பார்த்த நமக்கு அது முடியாதா?

அன்பர்களே! அடுத்த போட்டியின் முடிவில், நம் அணி வென்றாலும் தோற்றாலும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியஸ்தரிடம் செல்வோம். நன்றி என்று ஒரு வார்த்தை கூறுவோம். தீர்ப்புகளைப் பற்றிய விவாதத்தை வீடு திரும்பும் வழியில் வைத்துக்கொள்வோம்.