அண்டைக்கு இரவு முழித்திருந்ததும் ஒரு பிள்ளைதான்

 

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற நாட்களில், ஒரு பிள்ளையாவது "நேர்ஸ் ஆகப் போறன்" என்று எங்களிடம் சொல்லும். ஏன் என்று கேட்டால், "சேவை செய்ய" என்று சொல்லும். அது கட்டுரைக்குப் பாடமாக்கிய பதில். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால்தான் உண்மையான காரணம் வரும்.

ஒரு பிள்ளை சொன்னது இது. வயலுக்குத் தண்ணி கட்டப் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒரு நேர்ஸ் மிஸ் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தார். விசமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் கட்டிலை விட்டு விலகவில்லை. அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் மூச்சு முட்ட வைக்கும் என்பதால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் மூலையில் அழுதுகொண்டிருந்த இந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணியும் கொடுத்தார். விடியும்போது அப்பா கண் திறந்தார். "நானும் அந்த மிஸ் மாதிரி வரவேணும் ரீச்சர்" என்றாள்.

கிராமத்துப் பிள்ளை தாதியாக விரும்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கண்ணால் கண்டதைத்தான் பிள்ளை தெரிவு செய்கிறது.

எங்கள் மண்ணில் தாதியரின் அருமையைப் புத்தகம் பார்த்து அறிய வேண்டியதில்லை. 2008 இல் துணுக்காயும் மல்லாவியும் இடம்பெயர்ந்தபோது நோயாளரும் சேர்ந்தே இடம்பெயர்ந்தனர். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்தது. அதன்பிறகு புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்த இடத்தில் காயத்துக்கு மருந்து கட்டியவர்களுக்கும் குடும்பம் இருந்தது, பயம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் வாழ்ந்த முஸ்லிம்களான எங்களுக்கும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த உங்களுக்கும் ஒன்று நன்றாகத் தெரியும். எல்லாம் போன பிறகு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்க வரும் ஒருவரின் பெறுமதி அது.

சரி, அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். சில நாள் கழித்து அதே அப்பா பாடசாலைக்கு வந்தார். "ரீச்சர், அவளை ஆர்ட்ஸ் படிக்கச் சொல்லுங்கோ. நைட் டியூட்டி, மற்றவையின்ர பீ மூத்திரம் அள்ளுற வேலை. நாளைக்குக் கலியாணம் பேசேக்க கரைச்சல்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எங்களில் பலர் மனதில் வைத்திருப்பதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

நாங்கள் சொன்னது ஒன்றுதான்: "அண்ணை, அண்டைக்கு இரவு உங்களுக்காக முழிச்சிருந்ததும் யாரோ பெத்த பொம்பிளைப் பிள்ளைதானே." அவர் பதில் பேசவில்லை.

இஸ்லாமிய வரலாற்றில் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) என்ற பெண்மணி இருக்கிறார். மதீனாவில் பள்ளிவாசலோடு கூடாரம் அமைத்துக் காயப்பட்டவர்களைப் பராமரித்தார். 627 ஆம் ஆண்டு அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை நபியவர்கள் அனுப்பியது அந்தக் கூடாரத்துக்குத்தான். புளோரன்ஸ் நைற்றிங்கேல் கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரிக்கப் போனது 1854 இல். எந்தச் சமயத்தவரும் இதைக் கௌரவக் குறைவான வேலையாகப் பார்க்க வேண்டியதில்லை. குறைத்துப் பார்க்கப் பழகியது நாங்கள்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூர இடங்களிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் எங்களுக்காக நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் வீடும் பிள்ளைகளும் அங்கே இருக்கும்போது இடமாற்றம் கேட்பது இயல்பு. 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களையும் குறை சொல்ல மாட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2010 இலேயே சொன்ன பரிந்துரை ஒன்று உண்டு: கிராமத்தில் ஆளணி நிலைக்க வேண்டுமென்றால், கிராமத்துப் பிள்ளைகளையே சேர்த்துப் பயிற்றுங்கள் என்று. அம்மம்மா "நாரிக்குள்ள கொளுவிப் பிடிக்குது" என்று சொன்னால், மொழிபெயர்ப்பு இல்லாமல் விளங்கிக்கொள்வதும் அந்தப் பிள்ளைதான்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. அரச தாதியர் பயிற்சி மூன்று வருடம். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. அதற்குள் நுழைய வழமையாக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் கேட்கப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் இருக்கிறது, அதற்கும் அப்படித்தான். ஆகவே பிள்ளையின் வழி மூடப்படுவது நேர்முகப் பரீட்சையில் அல்ல. பதினாறு வயதில், "விஞ்ஞானம் கஷ்டம், ஆர்ட்ஸ் செய்" என்று நாங்கள் சொல்லும் அன்றைக்கே மூடப்படுகிறது. இதில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்குண்டு. ஒப்புக்கொள்கிறோம்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். பெற்றோரே, பிள்ளை கேட்டால் உடனே மறுக்காதீர்கள். பழைய மாணவர்களே, வெளிநாட்டு உறவுகளே, மண்டபத்துக்கும் மதிலுக்கும் தருகிற பணத்தில் ஒரு பங்கை இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் மாலை வகுப்புகளுக்குத் தாருங்கள். ஊர்ப் பெரியவர்களே, எங்கள் ஆஸ்பத்திரிகளில் இரவுக் கடமை செய்கிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதியும், போய்வர வாகன வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். வருகிறவர் தங்குவதும் போவதும் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது உயிரியல் பிரிவில் படிக்கிறாள். இரசாயனவியல்தான் கொஞ்சம் கஷ்டமாம். பின்னேர வகுப்புக்கு அப்பாதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.

துஆச் செய்யுங்கள்.