சப்பாத்தி பிடிபட்ட கதை

34 வருடம் கணக்கு வாத்தியார். பிள்ளைகளுக்கு வளைகோடு வரையக் கற்றுக்கொடுத்தவன், என் சுகரின் வளைகோட்டை 66 வயதில்தான் பார்த்தேன்.

மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் 120, 125 என்று நல்ல பிள்ளையாக இருக்கும். ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.8. "சாப்பாட்டுல எங்கேயோ தப்பு பண்றீங்க சார்" என்றார் டாக்டர். கோபம்தான் வந்தது. இரவில் சோற்றைத் தொட்டுப் பல வருடமாகிறதே!

மகள் ஒரு சென்சார் வாங்கி வந்து மேல்கையின் பின்புறம் ஒட்டிவிட்டாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. 14 நாள் உழைக்கும். தோலுக்கடியில் உள்ள நீரில் சர்க்கரையை அளந்து செல்போனில் கோடு போடும்.

மூன்றாம் நாளே திருடன் அகப்பட்டான். இரவு நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. ஒன்றரை மணி நேரத்தில் 248! கீரையும் அவரைக்காயும் நிறையச் சேர்த்து அளவாகச் சாப்பிட்ட மதியச் சோற்றுக்கு 170தான். சுகர்காரருக்குச் சப்பாத்தி என்று எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தானோ, கோதுமையும் மாவுதானே. இப்போது இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் சுண்டல், மொட்டைமாடியில் இருபது நிமிட நடை. 180ஐத் தாண்டுவதில்லை.

ஒரு நாள் நடுராத்திரி அலாரம் அடித்தது. 58. வீட்டுக்காரம்மா சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மயக்கமோ வியர்வையோ இல்லையே என்று விரலில் குத்திப் பார்த்தால் 121. சென்சார் இருந்த கையின் மேலேயே படுத்திருக்கிறேன். அழுத்தினால் குறைத்துக் காட்டுமாம். பழைய குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு சென்சார் ஆயிரக்கணக்கில் விலை. என்னைப்போல் மாத்திரையில் ஓடுகிறவர்கள் வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டு திரியத் தேவையில்லை என்பது என் கட்சி. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் போதும், எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். தினம் நாலு ஊசி போடும் டைப் 1 பிள்ளைகள் கதை வேறு. சுகர் இறங்குவதை முன்கூட்டியே சொல்ல அவர்களுக்கு ஒன்று வேண்டும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் கொடுப்பதுபோல இதையும் கொடுக்க வேண்டும்.

என் ஏழாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பதினொரு மணிக்குப் பெஞ்சில் தலை சாய்த்தவளை, தூங்குகிறாள் என்று எழுப்பி நிற்க வைத்தேன். நின்றவள் அப்படியே சரிந்தாள். பக்கத்துப் பிள்ளைதான் அவள் பையிலிருந்து வெல்லத்தை எடுத்துக் கொடுத்தது. அவள் அப்பா லோடுமேன்.