முதலில் ஃபிரேம், அப்புறம்தான் எஞ்சின்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். போன சனிக்கிழமை நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் நடந்த பேச்சுக்கு அப்புறமும் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அக்கா மகனுக்கு வயசு பதினேழு. ரெண்டு கோடை விடுமுறை புல் வெட்டிச் சேர்த்த காசில் பழைய யமஹா பான்ஷீ ஏடிவி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதைத் தார் ஓடுபாதையில் டிராக் ரேஸ் ஓட்ட வேண்டுமாம். விஷயம் விருந்தில் வெளியே வந்ததும் ரெண்டு கட்சி கிளம்பியது.

முதல் கட்சி: "படிக்கிற பையன் கையில ஸ்பேனரா? வித்துட்டு எஸ்.ஏ.டி. கோச்சிங் சேர்த்து விடுங்க."

ரெண்டாவது கட்சி: "அட விடுங்க. நல்ல எஞ்சின் கிட் வாங்கிக் குடுங்க. ரெண்டாயிரம் டாலர்தானே, பிறந்தநாள் கிஃப்ட்!"

அந்த வண்டியின் ஃபிரேம் எப்படி இருக்கிறது என்று அங்கிருந்த பத்துப் பன்னிரண்டு அப்பாக்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதில் பாதிப் பேர் எஞ்சினியர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. ரெண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏடிவி என்பது நாலு பலூன் டயர், ஹேண்டில்பார், கால் பரப்பி உட்காரும் சீட் உள்ள வண்டி. துபாய் மணலில் வாடகைக்கு எடுத்துப் போட்டோ பிடித்திருப்பீர்களே, அதேதான். தார் ரோட்டில் ஓட்டாதே, பதினாறு வயசுக்குக் கீழே உள்ளவரிடம் பெரிய வண்டியைக் கொடுக்காதே என்று கம்பெனிக்காரனே அதில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறான். சும்மா ஒட்டவில்லை. இந்த மாதிரி ஸ்போர்ட் வண்டியில் பின் அச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும். தாரில் வழுக்காது, பிடித்துக்கொள்ளும். வண்டி உயரம், பாரமும் உயரத்தில். அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் தாரில் டிராக் ரேஸ் ஓடுகிறார்களே? ஓடுகிறார்கள், நேர்கோட்டில். எட்டில் ஒரு பங்கு மைல் என்றால் 201 மீட்டர், கால் மைல் என்றால் 402 மீட்டர். அதற்கு அவர்கள் முதலில் கை வைப்பது எஞ்சினில் இல்லை, ஃபிரேமில்.

ஏன் என்று புரிய, எங்கள் ஊருக்கு ஒரு நடை வாருங்கள். நான் திருவனந்தபுரம் சாலைக்காரன். கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் நீளும் அந்தச் சாலைக் கம்போளத்தில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அங்கே மூட்டை ஏற்றும் அண்ணாச்சி ஒருவர், கைவண்டியில் அரிசி மூட்டை அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அச்சுக்குப் பின்னால் ஒரு மூட்டை கூடிப்போனால் வண்டி மூக்கைத் தூக்கிவிடும், பிடித்திருக்கிற ஆளையும் சேர்த்து. அவர் எந்தக் காலேஜிலும் படித்ததில்லை. முதல் மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் முழுப் பாரமும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

டிராக் ரேஸும் அதே கணக்குத்தான். வண்டி சீறிக் கிளம்பும்போது பாரம் பின்னால் சாயும். வண்டியும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், பின் அச்சுக்கு 55 செ.மீ. முன்னால் இருப்பதாக ஒரு உதாரணம் வையுங்கள். 55-ஐ 75-ஆல் வகுத்தால் 0.73. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.73 மடங்கைத் தாண்டி முடுக்கினால் முன் சக்கரம் அந்தரத்தில். மண்ணில் இது பிரச்சினை இல்லை, அதற்கு முன்னாலேயே டயர் வழுக்கிவிடும். பசை போட்டுத் தயார் செய்த தார் ஓடுபாதையில் நல்ல டயர் வழுக்காது. வண்டி மல்லாக்கக் கவிழும், ஆள் அடியில்.

இப்போது பின் ஸ்விங்ஆர்மை 20 செ.மீ. நீட்டுங்கள். சஸ்பென்ஷனை இறக்கி, ஆளையும் குனிய வைத்து, மையத்தை 60 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். 75-ஐ 60-ஆல் வகுத்தால் 1.25. அதே எஞ்சின், அதே பையன், ஆனால் மூக்குத் தூக்காது. அதற்காக இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. பின் டயரில் பாரம் குறைந்து, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். பின் ஷாக்கைக் கழற்றிவிட்டு இரும்புத் தண்டு போடுவது, வீலி பார் மாட்டுவது எல்லாம் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வரும்.

ரெண்டாயிரம் டாலர் கிஃப்ட் அண்ணாச்சி, கேட்கிறீர்களா? நீட்டாத, இறக்காத ஃபிரேமில் நீங்கள் மாட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு குதிரைசக்தியும் அந்தப் பையனைக் கவிழ்க்கத்தான் உதவும்.

எந்த ஃபிரேம் எடுக்கலாம்? பான்ஷீ அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றது. 347 சிசி, டூ-ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். எஃகு ஃபிரேம் என்பதால் வெட்டி ஒட்டலாம், உதிரிபாகமும் நிறையக் கிடைக்கும். ஆனால் கடைசியாக வந்த வண்டிக்கே ஏறத்தாழ இருபது வயசு. சுசூகி எல்டி500ஆர் 1987 முதல் 1990 வரைதான் வந்தது, பாகம் தேடியே ஆயுசு போய்விடும். 2009-இல் வந்த யமஹா ஒய்எஃப்ஸட்450ஆர் அலுமினிய ஃபிரேம். லேசு, நல்லதுதான். ஆனால் அலுமினியத்தில் வெல்ட் வைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்து உலோகம் பலம் இழக்கும். போல்ட் போட்டு மாட்டுகிற நீள ஸ்விங்ஆர்ம் போதும் என்றால் எடுங்கள், வீட்டு காராஜில் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் தொடாதீர்கள்.

இன்னொரு மூடநம்பிக்கை: "குரோமோலி ஃபிரேம் வாங்கிட்டேன், இனி வளையாது." தப்பு. 4130 குரோமோலிக்கும் சாதாரண எஃகுக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான், ரெண்டுமே 200 கிகாபாஸ்கல் சுமார். குரோமோலிக்குக் கூடுதலாக இருப்பது பலம், அதாவது நிரந்தரமாக வளைவதற்கும் முறிவதற்கும் முன்னால் கூடுதல் பாரம் தாங்கும். அந்தப் பலத்தை நம்பிக் குழாயை மெலிசாக்கினால் ஃபிரேம் லேசாகும், கூடவே நெகிழ்ந்தும் கொடுக்கும். விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவர் கனம் அப்படியே இருக்க விட்டம் ரெண்டு மடங்கானால், எடை ரெண்டு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. முக்கோணமாகத் தாங்கு கொடுத்தால் இன்னும் நல்லது. வெல்ட் வைத்த குரோமோலியைத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது, அந்த இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. விருந்து முடிந்த மறுநாள் மருமகனையும் அவன் வண்டியையும் என் காராஜுக்கு வரச் சொன்னேன். புதுசாகப் பவுடர் கோட்டிங் அடித்து ஃபிரேம் பளபளவென்று இருந்தது. எனக்கு அந்தப் பளபளப்புத்தான் சந்தேகம். "பெயின்டை உரி மக்களே" என்றேன். மணல் வீசி உரிக்கவில்லை, அதில் விரிசல் நசுங்கி மூடிக்கொள்ளும். மருந்து தடவித்தான் உரித்தோம். ஸ்விங்ஆர்ம் பிவட், எஞ்சின் மவுண்ட், முன் ஏ-ஆர்ம் மவுண்ட், ஸ்டீயரிங் தண்டு எல்லா இடத்திலும் சிவப்பு டை ஸ்ப்ரே அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தோம். பிவட் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று வெள்ளைக்கு மேலே கசிந்து வந்தது. பழைய விரிசல். யாரோ மேலாகப் பற்றவைத்து, பெயின்டால் மூடி, விற்றுவிட்டார்கள்.

நீள ஸ்விங்ஆர்ம் மாட்டினால் அதிகமாக முறுக்குப்படுகிற இடமே அதுதான். எஞ்சின் கிட்டோடு அவன் ஓடுபாதையில் நின்றிருந்தால்?

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மாமா, என் காசு போச்சே" என்றான்.

"காசுதானே மக்களே போச்சு" என்றேன். அதற்குமேல் எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்காவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

முதல் கட்சி அப்பாக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டதை எந்தக் கோச்சிங் கிளாஸில் சொல்லிக் கொடுப்பார்கள்? பளபளப்பை நம்பாதே, உரித்துப் பார், அளந்து பார், கணக்குப் போட்டுப் பார். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு உங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அவன் நண்பன் வீட்டு காராஜில் செய்வான். அங்கே டை ஸ்ப்ரே இருக்காது, யூட்யூப் இருக்கும்.

இதையே ஊரிலும் பார்க்கிறேன். லீவுக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட்டோடு ரேஸ் சைலன்சரும் வைத்துக் கொண்டுபோகிற மாமாக்களைச் சொல்கிறேன். அங்கே மருமகன்கள் அதை மாட்டிக்கொண்டு ராத்திரி கவடியார் ரோட்டில் பறக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியுமா? கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. அதே வருடம் செப்டம்பரில் அமலான திருத்தச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். ஓட்டிக் குற்றம் செய்தவன் பதினெட்டு ஆகாதவன் என்றால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பரிசு கொடுத்த மாமா அப்போது விமானத்தில் இருப்பார். அத்தான்தான் ஸ்டேஷனில் நிற்பார்.

வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் தொடங்கிய மெட்ராஸ் ரேஸ், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே கண்டது. பைக்குகளுக்கான தேசிய டிராக் பந்தயம் அங்கே நடந்திருக்கிறது. சாலையிலிருந்து ஒரு ராத்திரி ரயில். இங்கே அமெரிக்காவிலும் எல்லா டிராக் ஸ்ட்ரிப்பும் ஏடிவியை ஏற்காது. முதலில் போன் போட்டுக் கேளுங்கள், விதிப்புத்தகம் வாங்குங்கள், அதைப் பார்த்து ஃபிரேமை முடிவு செய்யுங்கள். பையன் வண்டியிலிருந்து விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு சுவிட்ச், ஹெல்மெட், தோல் உடை, இதில் எதிலும் பேரம் வேண்டாம்.

காசு கொடுப்பது சுலபம். வேண்டாம் என்பது அதைவிடச் சுலபம். ரெண்டும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பையனோடு தரையில் உட்கார்ந்து வெல்டைப் பாருங்கள். அதுதான் உங்களிடம் நான் கேட்பது.

பி.கு.: மருமகன் இப்போது வேறொரு ஃபிரேம் பார்த்து வைத்திருக்கிறான். பெயின்ட் அடிக்காதது, துருப்பிடித்தது. "இதுல எல்லாம் வெளிய தெரியுது மாமா" என்றான். சேஸிஸ் நம்பரும் டைட்டில் பேப்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எஞ்சின் பற்றி அடுத்த குளிர்காலம்வரை பேச்சே கிடையாது :-)