எண்ணெய்கள் நீங்கலாக

உணவகங்களுக்கான உணவுப் பட்டியல் விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் கலோரியோடு ஒவ்வாமைப் பொருள்களையும் பட்டியலிலோ பலகையிலோ அறிவித்தாக வேண்டும். செய்தி வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "இனிமேல் கடையிலேயே எழுதிப் போட்டுடுவாங்களாமே டாக்டர், அதைப் பார்த்து ஸ்வீட் வாங்கலாமா?" என்று இந்த மாதம் மட்டும் என் அறையில் நான்கு பெற்றோர் கேட்டார்கள். நான்கு பேரின் பிள்ளைகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை உறுதியானது. தீபாவளிக்குள் மருத்துவர்களான நாம் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வது நல்லது. என் பதில், வாங்க வேண்டாம் என்பதே.

விதி எட்டும் தூரம் குறைவு. நம் ஊர்களில் தீபாவளி இனிப்பில் பெரும்பங்கு விற்பது இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் கடைகள். அவை இதற்குள் வருவதில்லை. ஆண்டில் 60 நாளுக்கும் குறைவாக நடக்கும் இடங்களுக்கும், விழாக்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் வெளிப்படையாகவே விலக்கு உண்டு. பலகாரச் சீட்டுப் பிடித்து, மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பத்து நாள் அடுப்பு மூட்டி விற்பவர் யார் கணக்கில் வருகிறார்? தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு 'எந்தத் தேதிக்குள் உண்ணலாம்' என்ற அட்டை 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அதே அட்டையில் 'வேர்க்கடலை உண்டு' என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

எழுதினாலும் எந்தச் சொல்லால் எழுதுவார்கள் என்பது அடுத்த சிக்கல். சென்னையில் வேர்க்கடலை, தெற்கே நிலக்கடலை, ஆற்காட்டுப் பக்கம் மல்லாட்டை, மணிலா. வெறும் 'கடலை' என்றால் கடலை மாவா, பொட்டுக்கடலையா, நிலக்கடலையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடலை மாவுக்குப் பயந்து மைசூர்பாகைத் தள்ளிவைத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். விலை மலிவான முந்திரி கத்லியில் வேர்க்கடலைத் தூள் கலப்பதும் நமக்குப் புதிதல்ல. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மீது நமக்கு ஒரு புகாரும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

இவையெல்லாம் பல ஆண்டுகளாக நாம் சொல்லிவருபவை. இந்த இதழில் நான் எழுத வந்தது எண்ணெயைப் பற்றி.

2020ஆம் ஆண்டின் இந்திய உணவு முகப்புச்சீட்டு, காட்சிப்படுத்தல் விதிகளில் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலுக்குக் கீழே ஒரு விலக்கு இருக்கிறது. அப்பொருள்களிலிருந்து எடுக்கும் எண்ணெய்களுக்கு அறிவிப்புத் தேவையில்லை. சுத்திகரித்த எண்ணெய் என்று அங்கே சொல்லவில்லை, 'எண்ணெய்கள்' என்று மட்டுமே இருக்கிறது. அமெரிக்கா 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயர்நிலைச் சுத்திகரிப்பு செய்த எண்ணெய்க்கு மட்டுமே விலக்குக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் சுத்திகரித்த சோயா எண்ணெயை விட்டுக்கொடுத்தாலும் கடலை எண்ணெய்க்கு அந்த விலக்கைத் தரவில்லை. 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு இரண்டு வகை எண்ணெயையும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்ததற்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காததற்கு ஆறு பேருக்கு விளைவு வந்தது. அவை கடுமையானவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பத்தில் ஒருவர் என்பதை ஒரு நாட்டின் விதி பார்க்காமல் விடலாமா?

விடக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது தமிழ்நாடுதான். இங்கே தெருவுக்குத் தெரு மரச்செக்கு வந்துவிட்டது. ஆட்டிய எண்ணெயை வெயிலில் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, எதையும் நீக்காதது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். நீக்காததில் புரதமும் அடங்கும். நல்லது என்று நம்பித்தான் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு அதில் பலகாரம் சுடுகிறார்கள்.

போன தீபாவளியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் உடல் முழுக்கத் தடிப்பும் வாந்தியும் இழுப்புமாக வந்தான். வேர்க்கடலைப் புரதமான ஆரா எச் 2 சோதனை ஏற்கெனவே பாசிட்டிவ். இரண்டு முறை அட்ரினலின் போட வேண்டியிருந்தது. சாப்பிட்டது அதிரசம், மூடி முத்திரையிட்ட பாக்கெட். பொருள்களின் பட்டியலில் பொடி எழுத்தில் கடலை எண்ணெய் இருந்தது, செக்கா சுத்திகரித்ததா என்று இல்லை. ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கும் 'கன்டெயின்ஸ்' வரி அந்தப் பாக்கெட்டிலேயே கிடையாது. சட்டப்படி இருக்க வேண்டியதும் இல்லை. எண்ணெய்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதே இடத்தில் கடலை உருண்டையும் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் பாக்கெட்டைத் திருப்பி அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் நம்பிக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எண்ணெய்க்கான இந்த விலக்கு அதிகாரிகள் அறியாமல் செய்த பிழை என்று என்னால் எண்ண முடியவில்லை. சுத்திகரித்த தாவர எண்ணெய்க்குத் தனித் தரநிலை வகுத்திருப்பதும் இந்த விதிகளை எழுதிய அதே உணவுப் பாதுகாப்பு ஆணையம்தான். நிறத்துக்கும் அமில எண்ணுக்கும் தெரிந்த வேறுபாடு ஒரு குழந்தையின் மூச்சு என்று வரும்போது எங்கே போயிற்று? நம் நாட்டில் வேர்க்கடலை ஒவ்வாமை குறைவு என்ற பதிலை ஒரு கூட்டத்தில் ஓர் அலுவலர் வாயாலேயே கேட்டேன். மேலைநாடுகளை விடக் குறைவாகப் பதிவாவது உண்மை. குறைவு என்பதால்தான் கடைக்காரருக்கும் பள்ளிக்கும் உறவினருக்கும் அது தெரிவதில்லை, பாக்கெட்டாவது சொல்ல வேண்டியிருக்கிறது. அட்ரினலின் பேனா நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் ஒரு மில்லி சிரிஞ்சும் கொடுத்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடைத் தசையில் என்று பெற்றோருக்குப் பழக்கி அனுப்புகிறோம். 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மில்லியை, கை நடுங்கும் நேரத்தில், அந்தத் தாய் அளந்து எடுக்க வேண்டும். அந்த நிலைக்கு அவரைத் தள்ளாதிருக்க விதியில் ஒரே ஒரு அடைமொழி போதும்: 'சுத்திகரித்த'.

அது வரும்வரை பெற்றோரிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்கள். எந்த எண்ணெயில் சுட்டது? அதே சட்டியில் வேறென்ன பொரித்தது? இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். மிக்சருக்கு வேர்க்கடலை பொரித்த சட்டியில், அதே அரிகரண்டியோடு, லட்டுக்குப் பூந்தி விழுகிறது. அங்கே சுத்திகரித்த எண்ணெயும் காப்பாற்றாது. இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லாத கடையில் வாங்க வேண்டாம். எண்ணெயே படாத பால் இனிப்பாக இருந்தாலும், அது எந்தத் தட்டில், எதன் பக்கத்தில், யார் கையால் எடுக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுத்தான். பாக்கெட் இனிப்பானால் பட்டியலை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வரி இல்லாததை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பையனின் அம்மா போன வாரம் வந்திருந்தார். இந்த வருஷம் அதிரசம் வீட்டிலேயே என்றார். எந்த எண்ணெயில் என்று கேட்டேன். நல்லெண்ணெய், செக்கில் ஆட்டியது என்றார். எள் நம் விதியின் பட்டியலிலேயே கிடையாது. அவனுக்கு எள்ளுக்குச் சோதித்திருக்கிறோமா என்று கோப்பை எடுத்துப் பார்த்தேன். சோதித்திருந்தோம், நெகட்டிவ். சுடச் சொன்னேன்.