புகையும் கல்லும் புதைந்த கோட்டையும்

பெருநாள் விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு, இம்முறை எவ்வூர் செல்வது என்பதே. தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு விடை பெரும்பாலும் ஒகேனக்கல்தான். எண்ணெய்க் குளியல், பரிசல், வறுத்த மீன், அந்திக்குள் வீடு. இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஹலாலான மகிழ்ச்சியை மனைவி மக்களுக்கு அளிப்பதும் நற்செயலே. ஆயினும் சேலத்திலிருந்து புறப்படும் குடும்பங்கள் தருமபுரிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்னே அதியமான்கோட்டை என்றோர் ஊரைக் கடந்து செல்கின்றன. வண்டி நிற்பதில்லை. அப்பெயர் எதனால் வந்தது என்று கேட்கும் குழந்தைக்கு விடையும் கிடைப்பதில்லை.

முன் வாழ்ந்தோரின் இருப்பிடங்களை நேரிற் கண்டு சிந்திக்குமாறு திருமறை மனிதனை மீண்டும் மீண்டும் ஏவுகின்றது. அர்ரூம் அத்தியாயத்தின் 9ஆவது வசனம் அவற்றுள் ஒன்று. அவ்வாறிருந்தும், "பாழடைந்த இடங்களில் நமக்கென்ன வேலை? அங்கே சிலைகளும் நடுகற்களும்தானே உள்ளன?" என்று வினவும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் எடுத்துக்காட்டும் சான்று வலுவானதே. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அழுத கண்ணோடன்றி அங்கு நுழைய வேண்டா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். அக்கிணற்று நீரால் பிசைந்த மாவையும் உண்ணவிடாது ஒட்டகங்களுக்குத் தீனியாக்கச் செய்தார்கள்.

ஆனால் அந்த எச்சரிக்கை, இறைத் தண்டனை இறங்கிய ஓர் ஊரைப் பற்றியது. அங்கும் விலக்கப்பட்டது கல் நெஞ்சோடு வேடிக்கை பார்க்கும் போக்குத்தான். பழைய ஊர் எதனையும் ஏறிட்டுப் பாராதே என்று அதற்குப் பொருள் கொள்வது நேரிய முடிவாகாது. பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. இவ்வேறுபாட்டைப் பத்து வயதுச் சிறுவனுக்கும் நாம் கற்பித்துவிடலாம்.

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் இது. சேரமன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து இதனை அழித்தான். அஞ்சி வெறும் புலவர் கற்பனையோ என ஐயுற்றோர்க்கு விடையாக, 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் அவன் பெயர் பொறித்த தமிழ் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதில் அவன் ஸதியபுதோ என்று குறிக்கப்படுகிறான். அசோகப் பேரரசரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாளைய வினாவும் அதனால் தீர்ந்தது. இத்துணைப் பெருமைக்குரிய கோட்டையில் இன்று கண்ணுக்குத் தெரிவதோ மண்மேட்டின் எச்சமே. ஆட்சியின் நிலையாமையைச் சொல்ல இதனினும் தெளிவான பாடப்புத்தகம் உண்டோ?

தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்கும் போரில் மாண்ட எளிய வீரர்கள் பலர் இத்தகைய கற்களில் நிற்கின்றனர். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். நம் வீட்டில் பேசும் அதே தமிழ். அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் அருகே எடுத்தனூரில் உள்ள நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாய் அது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். குகைத் தோழர்களோடு வாயிலில் கிடந்த நாயைத் திருமறை மறவாது குறித்திருப்பதை ஓதி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, இக்கல் அந்நியமாய்த் தோன்றாது என்றே எண்ணுகிறேன்.

ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் கோட்டை என்றால் நம்மவர் நெஞ்சு நிமிர்கின்றது. பாராமகால் எனப்பட்ட இவ்வட்டாரம் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை அவர்கள் கையில் இருந்தது உண்மை. பின் ஆங்கிலேயரிடம் சென்றது. அதியமானும் போனான், திப்புவும் போனார், ஆங்கிலேயனும் போனான். நம்மவர் கோட்டையை மட்டும் பார்ப்பவர் பாடத்தில் பாதியைத்தான் படிக்கின்றார்.

இனி அருவிக்கு வருவோம். கன்னடத்தில் ஹொகே என்பது புகை, கல் என்பது பாறை. புகையும் கல் என்னும் பெயரைக் கேட்ட என் பேத்தி, "இது எரிமலையா?" என்றாள். உடனிருந்தோர் நகைத்தனர். நகைப்பதற்குரிய வினாவன்று அது. அங்கே எழும் புகை நீர்த்திவலையே. எனினும் அவ்வட்டாரத்துப் பாறைகளுக்கிடையே கார்பனடைட் என்னும் அரிய கல் உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து உறைந்த கல் அது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என நிலவியலார் கணித்துள்ளனர். உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய குழம்பை இக்காலத்திலும் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்று; தான்சானியாவிலுள்ள அதனை மாசாய் மக்கள் இறைவனின் மலை என அழைக்கின்றனர். மலைகள் அசையாதவை என நாம் எண்ணுகிறோம். அவை மேகம் போல் செல்வதை அந்நம்ல் அத்தியாயம் பேசுகின்றது. பரிசலில் அமர்ந்து அப்பாறைச் சுவர்களை அண்ணாந்து நோக்குகையில் இதனைப் பிள்ளைகளிடம் சொல்லலாம் அன்றோ?

எரிமலை என்பது நம் வரலாற்றுக்கும் புதிதன்று. ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவுக்கு அருகே நிலம் பல நாள் அதிர்ந்து, பின் பிளந்து நெருப்புக் கக்கியது. 52 நாட்கள் எரிந்த அக்குழம்பு 23 கிலோமீட்டர் தூரம் ஓடிற்று. மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் கூடி அழுது இறைஞ்சினர். ஹிஜாஸ் மண்ணிலிருந்து ஒரு நெருப்புக் கிளம்பும் என்ற நபிமொழி தம் காலத்தில் நிறைவேறியதாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். குழம்பு ஊருக்குள் புகவில்லை, மஸ்ஜிதைத் தொடவுமில்லை. ஆனால் அதே ஆண்டு ரமளானில் விளக்கொன்றின் தீயால் அப்புனித மஸ்ஜிது எரிந்துபோயிற்று. எரிமலை செய்யாததைக் கவனக்குறைவு செய்தது.

தகடூர் நாட்டு நடுகற்களின் கதையும் அதுவே. ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் அவை தாங்கின. துணி துவைக்கும் கல்லாகவும், வரப்பில் போடும் கல்லாகவும், ஆணியால் பெயர் கீறும் பலகையாகவும் மாறும்போதுதான் அழிகின்றன. நம் வீட்டு இளைஞர் கையில் ஆணியும் வண்ணமும் இருப்பின், அதனைத் தடுக்கும் கடமை தந்தைக்கு உரியது, காவலருக்கு அடுத்தபடிதான்.

காவிரியில் வெள்ளம் பெருகினால் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். வந்த குடும்பங்கள் முகம் வாடித் திரும்புகின்றன. அத்தகைய நாளில் வண்டியைத் தருமபுரி அகழ்வைப்பகத்தின் வாயிலில் நிறுத்துங்கள். லுஹருக்கு முன் பார்த்து முடித்துவிடலாம். பெண்மக்களை வண்டியிலேயே அமரவிட்டு ஆடவர் மட்டும் இறங்கிச் செல்லும் வழக்கம் வேண்டா. அவர்களையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.