இரண்டு படம் போதாது

முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகிற பதிவு இது. இடப்பக்கம் நீலமாய் ஒரு குளம். வலப்பக்கம் அதே குளம் மண்நிறத்தில். மேலே, “எங்கட குளத்தைக் காணேல்லை!” நாங்களும் கோபத்தோடு பகிர்கிறோம். படம் எந்த மாதம் எடுத்தது என்று மட்டும் கேட்பதில்லை.

முதற்படம் தை மாதத்தது, மற்றது ஆவணி மாதத்தது என்றால் அவை சொல்வது ஒன்றுதான்: வடக்கில் மாரி மழையில் குளம் நிரம்பும், கோடையில் வற்றும். இதை அறிய செய்மதி தேவையில்லை, அப்பப்பாவே சொல்லுவார்.

கோபத்தில் பிழை இல்லை. குளங்களுக்குள் மண் கொட்டுகிறார்கள், வேலி உள்ளே நகருது. ஆனால் பிழையான படத்தோடு கந்தோருக்குப் போனால், “தம்பி, இது கோடையில எடுத்த படம்” என்ற ஒரு வசனத்தோடு முறைப்பாடு முடிந்துவிடும். அடுத்தமுறை சரியான ஆதாரத்தோடு போனாலும் நம்பமாட்டினம். குளத்தைப் பிடித்தவருக்கு நாங்களே செய்து குடுக்கிற உதவி இது.

“தரவு இல்லை” எண்டும் இனிச் சொல்லேலாது. லான்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படமெடுக்கின்றன. 2008 இலிருந்து அந்தப் படங்கள் இலவசம். 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய ஆசியாவின் ஏரல் கடல் சுருங்கியதை, 2014 இல் தென் ஏரலின் கிழக்குப் பகுதி முழுதாய் வற்றியதை, உலகம் செய்மதிப் படங்களில்தான் பார்த்தது.

ஆனால் ஏரல் கடல் எங்கே, எங்கட ஊர்க்குளம் எங்கே? ஒரு ஏக்கர் குளம் லான்ட்சாட்டின் 30 மீற்றர் சதுரங்களில் நாலைந்துக்குள் அடங்கிவிடும். சென்டினலின் 10 மீற்றர் சதுரங்களில் சுமார் நாற்பது. கரையோரச் சதுரங்களில் பாதி நீர், பாதி நிலம். தாமரை மூடிய இடத்தைக் கணினி நிலமென்றே எண்ணிவிடும். மாரியில் முகில் மறைக்கும்.

இதனால்தான் இரண்டு படம் போதாது. வேலி வருசத்துக்கு ஐந்து மீற்றர் உள்ளே வந்தால், போன வருசப் படத்தோடு ஒப்பிட்டு ஒன்றும் பிடிக்கேலாது. பத்து வருசத்தில் அது ஐம்பது மீற்றர், ஐந்து சதுரம். அப்ப மறைக்கேலாது.

“அதுவரை பொறுத்தால் குளமே போயிடும்” என்பீர்கள். பொறுக்கத் தேவையில்லை. அந்தப் பத்து வருசப் படங்களும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கு. ஒரு குளத்தை எடுங்கோ. ஒவ்வொரு வருசமும் தை, மாசியில் முகிலில்லாத ஒரு படம் தேடுங்கோ. திகதியையும் அந்த மாரியில் பெய்த மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கோ; மழை குறைந்த வருசத்தில் குளம் தானாகவே சிறுக்கும்.

பிறகு கணினியை மூடிவிட்டுக் குளக்கட்டில் நடவுங்கோ. வான் பாயேக்க தண்ணி எதுவரை நிற்கும் என்று வயல் செய்யிற ஆக்களைக் கேளுங்கோ. படத்தில் சந்தேகமான சதுரம் வேலியா, தாமரையா என்று நேரில் பாருங்கோ. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. எல்லாவற்றையும் முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வையுங்கோ, அவர்களோடு சேர்ந்து திணைக்களத்துக்குப் போங்கோ. முகநூலில் போடுவதை அதற்குப் பிறகு பார்ப்பம்.